வால்பாறை எஸ்டேட்டில் கிடந்த பட்டாள ஷெவர்லே: சிம்சன் டீசலோடு விடுவதா, பழைய பெட்ரோல் எஞ்சினையே ஏற்றுவதா?

ஆழியாற்றுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறேன். தென்னந்தோப்பு உண்டு, டிராக்டர் ஸ்பேர் கடை ஒன்றும் உண்டு. பழைய வண்டிப் பைத்தியம் வெகு நாளாக. ஒரு வில்லிஸ் ஜீப்பைப் பிரித்து மாட்டி ஓட விட்டிருக்கிறேன். இப்போது கைக்கு வந்திருப்பது அதைவிடப் பெரிய வேலை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஷெட்டில் மூக்குச் சப்பையான ஒரு குட்டி லாரி வெகு காலமாக நின்றிருந்தது. இலை மூட்டை, விறகு, உரம், தீபாவளிக்குச் சாமான், சில நேரம் பிரசவ வலி கண்ட பெண்கள் என்று எல்லாவற்றையும் சுமந்த வண்டி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மிலிட்டரி டிஸ்போசலில் ஏலம் எடுத்து வந்ததாக அங்கே பழைய கணக்கப்பிள்ளை ஒருவர் சொன்னார். ஷெட்டை இடிக்கப் போகிறார்கள், இரும்பு விலைக்குப் போட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டதும் போய்ப் பேசி வாங்கிவிட்டேன். 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதைக் கட்டி இழுத்து வரும் துணிச்சல் எனக்கில்லை. ரெக்கவரி லாரியில் ஏற்றித்தான் கீழே கொண்டுவந்தேன்.

வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். டாஷ்போர்டில் ஒரு சின்னத் தகடு. அதில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆஃப் கனடா, ஒஷாவா, ஒன்டாரியோ என்று இருக்கிறது. பாதி எழுத்து தேய்ந்துபோய்விட்டது. ஸ்டியரிங் வலது பக்கம். முன் அச்சுக்கும் ஷாஃப்ட் போகிறது, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும். முன் கண்ணாடி இரண்டு துண்டு. மேல் விளிம்பு முன்னால் நீட்டிக்கொண்டும், கீழ் விளிம்பு உள்ளே தள்ளியும் இருக்கிறது. பார்ப்பதற்கு வண்டி குனிந்து முறைப்பதுபோல் இருக்கும்! எஞ்சின் கேபினுக்குள்ளேயே பாதி வந்துவிடுகிறது. டிரைவர் காலுக்கு இடமே இல்லை. செருப்போடு பிரேக்கை மிதித்தால் ஆக்ஸிலேட்டரும் சேர்ந்து இறங்குகிறது.

இப்போது அதில் இருப்பது சிம்சன் பெர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சின். பெட்ரோல் செலவு கட்டாமல் எஸ்டேட்காரர்கள் எப்போதோ மாற்றிவிட்டார்கள். அதற்காக எஞ்சின் மூடியையும் முன் தகட்டையும் கேஸ் வைத்து அறுத்திருக்கிறார்கள். நல்லவேளை, கழற்றிய ஷெவர்லே பெட்ரோல் எஞ்சினை யாரும் விற்கவில்லை. அதே ஷெட்டின் மூலையில் சாக்கும் தார்ப்பாயும் போர்த்திக் கிடந்தது. ஆறு சிலிண்டர். ஜாம் ஆகி நிற்கிறது. கார்புரேட்டர் இருக்கிறது, டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்) மூடி உடைந்திருக்கிறது, டைனமோ இல்லை.

பி6 எஞ்சினுக்குப் பம்பும் நாசிலும் பார்த்துவிட்டால் ஓடிவிடும் என்று என் மெக்கானிக் சொல்கிறார். "ஓடுற எஞ்சினை இறக்கிட்டு ஓடாத எஞ்சினை ஏத்துறேங்கிறீங்களே" என்று சிரிக்கிறார். எனக்கோ பட்டாளத்திலிருந்து வந்தபோது இருந்த மாதிரியே பார்க்கவேண்டும் என்று ஆசை. பச்சைப் பெயின்ட், கான்வாஸ் கூரை, எல்லாம். யாராவது இந்த ஷெவர்லே எஞ்சினைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? எதில் ஆரம்பிப்பது?

இன்னொன்று. டயர் நான்கும் டிராக்டர் டிரெய்லருக்குப் போடும் 9.00-16. வெடித்துப் பிளந்து கிடக்கிறது. நாளைக்கு டயர் கடைப் பையன் வந்து கழற்றுவதாகச் சொல்லியிருக்கிறான்.

—

இஎம்இ பழசு எழுதியது:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த டயர் கடைப் பையனுக்கு இப்போதே போன் போட்டு நிறுத்துங்கள்.

சக்கரத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு வட்டமாக நட்டு இருக்கும். உள்வட்டம் சக்கரத்தை ஹப்பில் பிடித்திருப்பது. வெளிவட்டம் ரிம்மின் இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது. டிஸ்க் இரண்டு தட்டாகப் பிரியும் வகை இது. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்ட நட்டை யாராவது தளர்த்தினால் ரிம் பாதி பீரங்கிக் குண்டாகப் பறக்கும். ஆள் மிஞ்சமாட்டான். பிரிட்டிஷ் பட்டாளத்தில் அந்த நட்டுகளுக்கு மட்டும் சிவப்புப் பெயின்ட் அடித்துவைத்தது இதற்காகத்தான். உங்கள் வண்டியில் எழுபது வருஷப் பெயின்ட்டுக்கு அடியில் அந்தச் சிவப்பு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் காலத்து டயர் கடைப் பையன் இதைப் பார்த்திருக்கவும் மாட்டான். எந்த நட்டு கைக்கு வாகாக இருக்கிறதோ அதில் ஸ்பானரைப் போடுவான்.

டயர் வெடித்திருக்கிறது, காற்று இல்லை என்று நம்பாதீர்கள். வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டு, கம்பியை விட்டுக் குத்திப் பார்த்து, பிறகு உள்வட்ட நட்டை மட்டும் கழற்றிச் சக்கரத்தை இறக்குங்கள். தரையில் போட்ட பிறகுதான் வெளிவட்டத்தில் கை வைக்கவேண்டும். திரும்ப மாட்டும்போது இரண்டு பாதியும் சேரும் முகத்தில் துரு கொஞ்சமும் இருக்கக்கூடாது. ஸ்டட்டின் மரை தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். ஹை டென்சைல் போல்ட்டாக இருக்கவேண்டும். சாதாரண போல்ட்டைக் கடையில் வாங்கி மாட்டிவிடாதீர்கள். காற்று அடிக்கும்போது இரும்புக் கூண்டு, அல்லது குறைந்தபட்சம் சங்கிலி சுற்றி, தள்ளி நின்று அடிக்கவேண்டும்.

நான் இஎம்இயில், அதாவது பட்டாளத்தில் வண்டி, தளவாடம் ரிப்பேர் பார்க்கும் பிரிவில் இருந்தவன். எங்கள் கோரே 1943 அக்டோபரில் உருவானதுதான். உங்கள் வண்டிக்கும் கிட்டத்தட்ட அதே வயது இருக்கும். என் சர்வீஸ் முழுக்க சக்திமானும் நிசான் ஒன் டன்னும்தான். இந்தக் கனடா வண்டிகள் எனக்கு முந்தைய தலைமுறை. ஆனால் எந்த வண்டிக்கும் ஒரே வரிசைதான்: நிற்க வைக்கத் தெரிந்த பிறகு ஓட வைக்கவேண்டும். எஞ்சினைப் பற்றி நீங்கள் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், பிரேக்கைப் பற்றி செருப்புக் கதை தவிர ஒன்றுமில்லை. மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், எல்லா ஹோஸ், எல்லாப் பைப்பும் கழற்றிப் பாருங்கள். நின்ற வண்டியில் வீல் சிலிண்டருக்குள் துரு பிடித்துக் குழி விழுந்திருக்கும். ரப்பர் மட்டும் மாற்றினால் நாலு நாள் நிற்கும், ஐந்தாம் நாள் ஒழுகும். உள்துளையைக் கடைந்து ஸ்லீவ் போட்டுவிட்டால் கவலை இல்லை.

அப்புறம் பச்சைப் பெயின்ட். அது கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 121ஆவது விதி. பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது என்று எழுதியே இருக்கிறது. மேலே பார்க்கும் அம்புக்குறி போட்ட நம்பர் பிளேட்டும் பட்டாளத்துக்கு மட்டும்தான். ஊர்வலத்துக்கு என்று அடித்து, செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களை எனக்குத் தெரியும்.

—

ஒஷாவா பொடியன் எழுதியது:

அண்ணை, உங்கட தகட்டில இருக்கிற ஊரிலதான் நான் இருக்கிறன். யாழ்ப்பாணத்திலயிருந்து வந்து இங்க செற்றில் ஆனனாங்கள். இந்த ஊரில ஒன்டாரியோ ரெஜிமென்ட் மியூசியம் எண்டு ஒன்று இருக்கு. அங்க பழைய ராணுவ வாகனங்களை நிப்பாட்டி வைக்கிறதில்லை, ஓட்டிக் காட்டுவினம். அதால இந்த வண்டிகளைப் பக்கத்தில நிண்டு பாத்திருக்கிறன். இனி எல்லாருக்கும் விளங்குற மாதிரி எழுதுகிறேன்.

உங்களிடம் இருப்பது சிஎம்பி என்று சொல்லப்படும் வகை. கனடிய ராணுவ மாதிரி என்று ஒரே அச்சில் ஃபோர்டும் ஷெவர்லேயும் சேர்ந்து லட்சக்கணக்கில் செய்தார்கள். ஃபோர்டு வின்ட்சரில், ஷெவர்லே ஒஷாவாவில். கேபின் வெளியே ஒன்றுபோல இருந்தாலும் ஃபோர்டில் வி8 எஞ்சின், ஷெவர்லேயில் நேர் ஆறு. பிரிட்டிஷ் படைகளுக்கும் இந்தியப் படைக்கும் போகவேண்டியது என்பதால் ஸ்டியரிங் வலப்பக்கம். நீங்கள் சொல்லும் குனிந்த கண்ணாடி 13ஆம் எண் கேபின். 1940, 41இல் வந்த 11, 12ஆம் எண் கேபின்களில் கண்ணாடி அப்படி இருக்காது. வெயில் கண்ணாடியில் பட்டு மின்னி, மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்றுதான் கீழ்ப்பக்கம் உள்ளே சாய்த்தார்கள். ஆகவே உங்கள் வண்டி போரின் பின்பாதியில் செய்தது. நல்ல செய்தி என்னவென்றால் அந்தக் கண்ணாடி வளைவில்லாத தட்டைக் கண்ணாடி. லேமினேட்டட் கண்ணாடியை எந்தக் கடையிலும் அளவுக்கு வெட்டி வாங்கலாம்.

முன் ஹப்பின் மையத்திலிருந்து பின் ஹப்பின் மையத்துக்கு டேப் பிடித்துப் பாருங்கள். 101 அங்குலம் என்றால் 15 அந்தர் (ஹண்ட்ரட்வெயிட்) பாரம் ஏற்றும் வகை. நான்கு சக்கர இழுப்பு என்பதால் சி15ஏ. 134க்குப் பக்கம் என்றால் சி30 அல்லது குட்டை சி60. 158 என்றால் நீள சி60. நீங்கள் குட்டி லாரி என்கிறீர்கள், சக்கரமும் 16 அங்குலம். எனக்கு சி15ஏ என்றுதான் படுகிறது. அப்படியானால் 9.00-16 டயர்தான் அதற்குரிய அளவே. அதிர்ஷ்டக்காரர்! 15 அந்தர் என்றால் சுமார் 760 கிலோ. எஸ்டேட்டில் அதற்கு எவ்வளவு ஏற்றியிருப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நிறத்துக்கு ஐயா சொன்ன விதி உங்களுக்கு ஒரு தடையே இல்லை. 1942 தொடங்கி 1944 வரை பிரிட்டிஷ் வாகனங்களுக்குப் பெரும்பாலும் அடித்தது எஸ்சிசி 2 என்னும் மண்பழுப்பு நிறம். பச்சைச் சாயப் பொருள் தட்டுப்பாடு வந்ததால் பழுப்புக்கு மாறினார்கள். 1944இல்தான் எஸ்சிசி 15 என்ற ஆலிவ் நிறம் வந்தது. பழுப்பு அடித்தால் சட்டமும் மீறாது, சரித்திரமும் பிசகாது. ஆனால் அதற்கு முதல், அந்த டாஷ்போர்டுத் தகட்டின் நான்கு ரிவெட்டையும் மெதுவாக எடுத்து, பின்னால் பாருங்கள். எஸ்டேட் பெயின்டர் எவ்வளவு கெட்டிக்காரன் என்றாலும் தகட்டுக்குப் பின்னால் தூரிகை போயிருக்காது.

—

பீளமேடு லேத் எழுதியது:

கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஷெவர்லே எஞ்சின் 216 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 3.5 லிட்டர். சிலிண்டர் துளையின் விட்டம் (போர்) மூன்றரை அங்குலம். 85 குதிரைத் திறன். இதே எஞ்சின்தான் அந்தக் கால ஷெவர்லே கார், லாரி எல்லாவற்றிலும். அப்பா காலத்தில் எங்கள் பட்டறைக்கு வராத வாரமே கிடையாது. பிஸ்டன்கூட வார்ப்பிரும்பு. கையில் எடுத்தால் கனம் தெரியும்.

இந்த எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. கனெக்டிங் ராடுக்குப் பிரஷர் ஆயில் போகாது. ராடின் அடியில் ஒரு கரண்டி மாதிரி நாக்கு இருக்கும். எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் ஒவ்வொரு ராடுக்கும் ஒரு தொட்டி. மெதுவாக ஓடும்போது அந்த நாக்கு தொட்டியில் இருக்கும் ஆயிலை அள்ளும். வேகம் கூடினால் சம்ப்பில் இருக்கும் நாசில் பீய்ச்சியடிக்கும் ஆயிலை நாக்கு வாங்கிக்கொள்ளும். மெயின் பேரிங்குக்கும் கேம்ஷாஃப்ட் பேரிங்குக்கும்தான் பிரஷர். அதனால் ஆயில் கேஜ் முள் ஐடிலில் கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கும். அதைப் பார்த்துப் பயந்து எஞ்சினை இறக்கியவர்கள் நிறையப் பேர்.

ராடு பேரிங் கடையில் கிடைக்கும் செட் கிடையாது. ராடிலேயே வெள்ளை மெட்டல் என்னும் மென்மையான உலோகக் கலவையை உருக்கி ஊற்றியிருக்கும். இப்போதைய மெக்கானிக்குகள் இந்த எஞ்சினைத் தொடப் பயப்படுவது இதற்குத்தான். கோயம்புத்தூரில் மில் லைன் ஷாஃப்ட்டுக்கும் ஆயில் எஞ்சினுக்கும் மெட்டல் ஊற்றிய கைகள் இன்னும் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கின்றன. நானும் அதில் ஒருவன்.

எப்படி என்றால், பழைய மெட்டலை உருக்கி எடுத்துவிட்டு, ராடைச் சுத்தம் செய்து, சிங்க் போட்டு அடக்கின ஆசிட் தடவி, வெள்ளீயப் பூச்சு கொடுக்கவேண்டும். கண்ணாடி மாதிரி மின்னணும். எங்கேயாவது கறுப்புப் புள்ளி தெரிந்தால் திரும்பவும் முதலிலிருந்து. அப்புறம் ராடையும் நடுவில் நிற்கும் மேண்ட்ரல் உருளையையும் சூடாக்கி, மெட்டலை ஒரே மூச்சில் ஊற்றவேண்டும். பாதியில் கை நின்றால் அந்த இடத்தில் ஏடு கட்டிவிடும். மெட்டல் சூடு சரியா என்று பார்க்க அப்பா மீட்டர் வைத்ததில்லை. ஒரு மரக்குச்சியை முக்குவார். குச்சி பழுப்பாகணும், தீப்பிடிக்கக்கூடாது. ஆறின பிறகு ராடைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் கணீர் என்று கேட்கவேண்டும். டொக்கென்று விழுந்தால் மெட்டல் ஒட்டவில்லை. அதன் பிறகுதான் லேத்தில் போர். கடைசியாக கிராங்க்கில் ப்ளூ (அடையாள மை) தடவி, மாட்டி, சுற்றி, ஒட்டின இடத்தை ஸ்க்ரேப்பரால் இழைக்கிறது. மூடிக்கு நடுவில் மெல்லிய ஷிம் தகடு இருக்கும். பின்னால் தேய்மானம் வந்தால் ஒவ்வொரு ஷிம்மாக எடுத்து இறுக்கிக்கொள்ளலாம். செட் பேரிங்கில் அந்த வசதி உண்டா?

ஆனால் முதலில் ஜாம் விடுவிக்கணும். ப்ளக்கை எல்லாம் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் கியர் ஆயிலும் பாதிப்பாதி கலந்து ஊற்றி ஊற விடுங்கள். அவசரப்படாதீர்கள், தினமும் கொஞ்சம். பிறகு ஃப்ளைவீல் பல்லில் கடப்பாரை வைத்து முன்னும் பின்னும் மயிரிழை மயிரிழையாக அசைக்கணும். செல்ஃப் மோட்டாரை மாட்டி முறுக்காதீர்கள். புஷ் ராடு வளையும், வார்ப்பிரும்பு பிஸ்டனின் ஓரம் உடையும். அசைய ஆரம்பித்ததும் நிறுத்தி, சம்ப்பைக் கழற்றி ஒரு போட்டோ போடுங்கள். ஃப்ளைவீலில் ஒரு இரும்புக் குண்டு பதித்திருக்கும், அதைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள். டைமிங் வைக்க அதுதான் அடையாளம். ஃபயரிங் 1-5-3-6-2-4.

—

மானாம்பள்ளி எழுதியது:

மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்கவேண்டாம்.

நான் வால்பாறையில் பிறந்தவன். என் தாத்தா அந்த மாதிரி வண்டியில் இலை ஏற்றியவர், இதே வண்டியாகக்கூட இருக்கலாம். பட்டாளத்தில் அது இருந்தது அதிகம் போனால் மூன்று வருஷம். எஸ்டேட்டில் எழுபது வருஷம். அந்த எழுபது வருஷத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மூன்று வருஷத்தைப் பெயின்ட் அடித்து மாட்டுவதுதான் ரெஸ்டோரேஷனா? உலகத்தில் ஆயிரக்கணக்கான பேர் இந்த வண்டியைப் பட்டாள வண்டியாக வைத்திருப்பார்கள். பாரம் ஏற்றிக் கதவில் எஸ்டேட் பேர் எழுதி நிற்கும் வண்டி எத்தனை?

சிம்சன் பி6உம் சாதாரண எஞ்சின் இல்லை. 4.7 லிட்டர், ஆறு சிலிண்டர். சென்னை செம்பியத்தில் செய்த பெர்கின்ஸ். பெட்ரோல் லாரிகளை டீசலாக மாற்றியே ஒரு காலம் ஓடியது நம் ஊரில். அந்த மாற்றமும் சரித்திரம்தான். கேஸ் வைத்து அறுத்த தகடு உட்பட.

காகிதம் ஒன்றையும் யோசியுங்கள். டீசல் மாற்றியதை ஆர்சி புத்தகத்தில் ஏற்றியிருக்கிறார்களா? ஏற்றியிருந்தால், திரும்பப் பெட்ரோல் போடுவதும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் மாற்றம்தான். அனுமதி வாங்கி, எஞ்சின் நம்பரை மாற்றி எழுதவேண்டும். 2021இல் வந்த வின்டேஜ் பதிவு இருக்கிறதே, 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு விஏ எழுத்தோடு நம்பர், 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷம் செல்லும் என்று, அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். அது இரு சக்கரத்துக்கும் காருக்கும் எழுதியது. அதிலும் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸ் விட என்று மட்டும்தான் ரோட்டில் எடுக்கமுடியும்.

—

ஆழியாற்றுக்காரன் எழுதியது:

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. இஎம்இ ஐயாவுக்குத் தனியாக. போன் போட்டபோது பையன் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தான். வந்தவனிடம் நட்டைக் காட்டி எதைக் கழற்றுவாய் என்று கேட்டேன். யோசிக்காமல் வெளிவட்டத்தைத்தான் தொட்டான். பின் சக்கரம் ஒன்றில் வால்வு பின்னை எடுத்தபோது புஸ்ஸென்று நல்ல காற்று வந்தது. அதற்குப் பிறகு பையன் என் பக்கத்திலேயே நிற்கவில்லை, மதில் ஓரம் போய் நின்றுகொண்டான். இப்போது நான்கும் பிரிந்து கிடக்கின்றன. மூன்று ரிம் நன்றாக இருக்கிறது, ஒன்றில் சேரும் முகம் துருவில் அரித்திருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டேன், அறையில் அலங்காரமாகக்கூட மாட்டமாட்டேன்.

வீல்பேஸ் 101 அங்குலம். அப்படியானால் சி15ஏ என்பது உறுதி.

தகட்டைக் கழற்றினேன். ரிவெட் அலுமினியம், லேசாகத் துளை போட்டதும் வந்துவிட்டது. முன்னால் மேலே இருப்பது எஸ்டேட் மஞ்சள், அதன் அடியில் ஒரு நீலம், அதற்கும் அடியில் சிவப்பு ஆக்ஸைடு. தகட்டின் பின்னால் மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை. தபால்தலை அளவுக்கு ஒரு இடத்தில் காய்ந்த மண் மாதிரி மங்கலான பழுப்பு. பளபளப்பே இல்லை, விரலால் தடவினால் மாவு ஒட்டுகிறது. ஈரத்துணியால் துடைத்ததும் நிறம் கொஞ்சம் ஆழமாகத் தெரிந்தது. பெயின்ட் கடையில் மிஷினில் வைத்துப் பார்க்கத் தகட்டையே கொண்டுபோகப் போகிறேன். ஒஷாவாத் தம்பி சொன்னதை நான் பாதிதான் நம்பினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

எஞ்சின் அசைந்துவிட்டது. சம்ப்பைக் கழற்றினால் அடியில் களி மாதிரி ஒன்று படிந்திருந்தது. கரண்டியால்தான் அள்ள வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு சில்லறைக் காசும் கிடந்தது, எப்படி உள்ளே போயிற்றோ தெரியவில்லை. இரண்டாம், ஐந்தாம் ராடுகளில் மெட்டல் செதில் செதிலாக உதிர்ந்திருக்கிறது. மற்ற நான்கும் கண்ணுக்கு நன்றாகவே தெரிகின்றன. கிராங்க்கைக் கையால் தடவினால் வரி எதுவும் தட்டுப்படவில்லை. மைக்ரோமீட்டர் வைக்க லேத் அண்ணனிடம்தான் கொண்டுவரவேண்டும்.

மானாம்பள்ளிக்கு. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதையும் தொடாமல் இருந்தேன். ஆர்சியைப் பார்த்தேன். எரிபொருள் டீசல் என்றுதான் இருக்கிறது, மாற்றத்தை முறையாக ஏற்றியிருக்கிறார்கள். அதனால் பி6 அப்படியே இருக்கட்டும். பம்பும் நாசிலும் பார்த்து ஓட விடுகிறேன், பிரேக் முடிந்த பிறகு. ஷெவர்லே எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் வைத்துக் கட்டி, பக்கத்தில் ஒரு டேங்க்கோடு ஓட விட்டுக் காட்டுவேன். வண்டிக்குள் ஏற்றுவது பற்றி அது ஓடின பிறகு பேசிக்கொள்வோம். அதனால் என் மெக்கானிக் சொன்னது சரி என்று ஆகிவிட்டது. அவரிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் நிறத்தில் உங்களோடு ஒத்துப்போகவில்லை. அந்த மஞ்சள் அழகாக இருந்தது என்று உங்களால்கூடச் சொல்லமுடியாது. வெளியே பழுப்புதான். கதவில் எழுதியிருந்த எஸ்டேட் பேரை அளவோடு படியெடுத்து வைத்திருக்கிறேன், அது பழுப்பின் மேல் அதே இடத்தில், அதே கோணல் எழுத்தில் வரும். பட்டாள எண், அம்பு எதுவும் வராது. பின் பாடி கனடாக்காரன் இரும்பு இல்லை, எஸ்டேட் தச்சன் செய்த மரப்பாடி. அதைப் பிரிக்கமாட்டேன், அழுகிய பலகையை மட்டும் மாற்றுவேன்.

இன்னொரு சந்தேகம். சம்ப்பில் இருக்கும் ஆறு நாசிலில் மூன்று வளைந்து கிடக்கின்றன. எந்தப் பக்கம் திருப்பி வைப்பது?

—

பீளமேடு லேத் எழுதியது:

கைக்கணக்கில் திருப்பாதீர்கள். ஆயில் நேராக ராடின் நாக்கில் விழவேண்டும். அதற்கென்று கம்பெனி ஒரு கேஜ் கொடுத்திருந்தது. சம்ப்பின் மேல் முகத்தில் வைத்தால், நாசிலிலிருந்து வரும் பீய்ச்சல் எங்கே போகவேண்டும் என்று காட்டும். அது இல்லாவிட்டாலும் சம்ப்பைக் கொண்டுவாருங்கள். நாக்கு வரும் உயரத்துக்கு ஒரு தகட்டில் ஆறு துளை போட்டு நாமே செய்துகொள்ளலாம். தண்ணீர்க் குழாயை ஆயில் வரும் வழியில் மாட்டித் திறந்தால் ஒவ்வொரு நாசிலும் எங்கே அடிக்கிறது என்று கண்ணால் பார்த்தே வளைத்துவிடலாம். களியை மட்டும் நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள், என் பட்டறைத் தரை போன வாரம்தான் சுத்தம் செய்தது.

ராடு ஆறையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். கண்ணுக்கு நன்றாக இருக்கும் நான்கையும் தொங்கவிட்டுத் தட்டிப் பார்க்கணும். மூடிகளை மாற்றி மாட்டிவிடாதீர்கள், எந்த மூடி எந்த ராடுக்கு என்று பஞ்ச் வைத்துக் குறித்துவிட்டுக் கழற்றுங்கள்.

—

இஎம்இ பழசு எழுதியது:

பெட்ரோல் எஞ்சினை ஸ்டாண்டில் ஓட விடப் போகிறீர்கள் அல்லவா, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ஃப்யூவல் பம்ப்பின் டயாஃப்ரம் அதில் ஊறி நொந்துபோகும், தாங்கும் ரப்பரில் புதிதாக வெட்டிப் போடுங்கள். கார்புரேட்டரின் பித்தளை மிதவையை வெந்நீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் ஓட்டை. ஓட்டி முடித்ததும் கிண்ணத்தைக் காலி செய்துவிடவேண்டும், பெட்ரோலோடு நிறுத்தி வைக்காதீர்கள்.

அந்த அரித்த ரிம்மை ஒதுக்கினேன் என்கிறீர்கள். ஒதுக்கினால் போதாது. ஸ்பேர் என்று யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். கேஸ் வைத்து இரண்டாக அறுத்துப் போடுங்கள்.